நன்மக் கிணத்துக்கு வெள்ளப் பெயின்ட்

நல்லா அடிங்க மரியநாயகம் தம்பி, ரெண்டு பூச்சு அடிங்க! அந்தச் செவப்புல ஒரு பொட்டும் வெளிய தெரியக் கூடாது. "குடிக்க வேண்டாம்" எண்டு எழுதிட்டுப் போயிட்டாளே அந்தத் தண்ணி சோதிக்கிற ஆபீஸ் நோனா! யார்ட கிணத்துல? இந்தச் சுஹைர் ஹாஜியார்ட, என்னட கிணத்துல! எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாளா?

ஒங்களுக்கு இது வெளங்காது, நீங்க வேதக்கார ஆள், சேர்ச்சுக்குப் போறவர். எங்கட மார்க்கத்துல, மௌத்தானவங்கட, செத்துப் போனவங்கட பேர்ல கிணறு வெட்டிக் குடுத்தா, சனம் அள்ளிக் குடிக்கிற காலமெல்லாம் அவங்களுக்கு நன்ம போய்க்கிட்டே ஈக்கும். சண்ட முடிஞ்ச அடுத்த வருசமே எங்கட உம்மாட பேர்ல வெட்டினேன். அந்தா மேல ஈக்குதே, றஹ்மத் உம்மா எண்டு... அதக் கொஞ்சம் பெருசா எழுதுங்க. இப்ப என்ன? சனம் செவப்பப் பாத்துட்டு வெறும் வாளியோட திரும்பிப் போகுது. உம்மாட நன்மய ஒரு டின் பெயின்ட்டால அடைச்சுட்டாளே! வகுறு எரியுது தம்பி.

என்னமோ ஆசனிக்காம். நஞ்சாம். ஒரு போத்தல் தண்ணிய கொழும்புக்குக் கொண்டு போய்ப் பாத்தாளாம். அதுக்கும் நான்தான் காரணமாம்! இந்தா, வேலிக்கு அங்கால ஈக்கிற பீற்றூட் தோட்டம் என்னடதான். ரெண்டு மோட்டர் ஓடிச்சு. அது இழுக்க இழுக்க, மேல் தண்ணி ஒரத்தயும் கோழி எருவயும் கரைச்சிக்கிட்டு கீழ எறங்குதாம். எறங்கி, மண்ணோட ஒட்டிக்கிட்டு சும்மா கெடந்த நஞ்சக் கழட்டி உடுதாம். கேட்டீங்களா கதெய! நானா மண்ணுக்குள்ள பூந்து கழட்டினேன்?

"மோட்டரக் கொறைங்க ஹாஜியார், பொறவு பாப்பம்" எண்டாள். எனக்கு ரோசம் வந்திட்டு. அடுத்த கிழமயே மூணாவது மோட்டரும் போட்டேன்! என்னட காணி, என்னட கரண்ட்.

அந்தா, அந்தத் தகரக் கூர ஊட்டுல நஃபீஸா எண்டு ஒருத்தி. மன்னார்ல இருந்து தொண்ணூறுல புலிகள் வெரட்ட ஓடி வந்த குடும்பம். ஏழு வருசமா இதத்தான் குடிச்சா. உள்ளங்கையெல்லாம் பருப் பருவாத் தடிச்சிட்டாம். நோனா அதயும் போட்டோ புடிச்சிட்டா. என்னட தோட்டத்துல பீற்றூட் புடுங்குற கை, தடிக்காம வேற என்ன செய்யும்? ஆனா அவ நல்ல மனுசி. செவப்ப அழிச்சிட்டா அவ திரும்ப வந்து அள்ளுவா, நான் அவக்கிட்ட சொல்லிட்டேன்.

இங்கத்த பெயின்டர்மாருக்குத்தான் திமிரு. ஒருத்தனும் வரமாட்டேன் எண்டுட்டான். அதான் ஒங்கள சிலாபத்துல இருந்து கூப்பிட்டது. நீங்க நல்ல ஆள், கேள்வி கேக்காம...

ஏணிய உட்டு எங்க எறங்குறீங்க? ஓ, தாகமா? ஓம் ஓம், வெயில் என்ன வெயில்...

ஐயோ தம்பி! அதுல அள்ளாதீங்க! வாளிய வைங்க, வைங்க! அல்லாஹ்வே, வாயில வெச்சிராதீங்க! ஊட்டுக்கு வாங்க, நாங்க குடிக்கிற கேன் தண்ணி ஈக்குது. புள்ளைகளுக்கெல்லாம் நாலு மாசமா அதத்தான் குடுக்கிறேன்...

தம்பி? ஏன் டின்ன மூடுறீங்க?