முதல் வருஷத்து வண்டி

பயணத்துக்கு முந்தைய நாள் மதியம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் பக்கம் நான். எனக்கு எதிரே மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர். அவருக்கு இடப்பக்கம் தங்கை. சமையலறைக்குப் போக வர வசதியாக ஓரத்து நாற்காலியில் என் மனைவி. தங்கையின் மகள் சோபாவில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி. கடிதம் எழுதினால் முதலில் ஆட்களைச் சொல், அப்புறம் விஷயத்துக்கு வா என்று எங்கள் ஊர்ப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிய விபத்து அறிக்கையில் எடுத்த எடுப்பிலேயே முடிவு இருக்கிறது, ஆட்களைத்தான் காணோம். நீங்கள் பெரிய பள்ளியில் படித்திருப்பீர்கள்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். பழைய சொகுசு கார் வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிப்போவார்கள். பார்த்துவிட்டு, வாங்கலாம் அல்லது வேண்டாம் என்பேன். அவர்களாகப் பார்த்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தோல் சீட்டை முகர்ந்து பார்ப்பார்கள். கதவைச் சாத்தி, அந்தச் சத்தத்தில் சொக்கிப்போவார்கள். "டாக்டர் ஓட்டின வண்டி சார்" என்று புரோக்கர் சொன்னால், டாக்டர் எஞ்சினுக்கும் ஊசி போட்டிருப்பார் என்று நம்பிவிடுவார்கள்.

நான் வருஷத்தைப் பார்ப்பேன். ஒரு மாடல் வெளிவருகிற முதல் வருஷம், கம்பெனி நம் செலவில் பாடம் படிக்கிற வருஷம். இரண்டாம் வருஷம் எங்கே தப்பு என்று அவர்களுக்குத் தெரியவரும். மூன்றாம் வருஷம் யாருக்கும் சொல்லாமல் திருத்திவிடுவார்கள். வாங்கினால் அதை வாங்க வேண்டும். இதற்குப் பெரிய மூளை தேவையில்லை, கொஞ்சம் பொறுமை போதும். மாப்பிள்ளையிடம் இரண்டும் கிடையாது.

அவர் குளியலறைச் சாமான் கடை வைத்திருந்தார். குழாய் பளபளத்தால் தண்ணீர் தானாக வரும் என்று நினைக்கிற ஆள். நான் வேண்டாம் என்று சொல்லியும் முதல் வருஷத்து வண்டி ஒன்றை வாங்கி வந்து நிறுத்தினார். முன் சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய் பக்கத்து இரும்பில் உரசி உரசி ஒருநாள் வெடிக்கும், அந்த வருஷத்துக்கே உள்ள நோய் அது என்று பொறுமையாகச் சொன்னேன்.

"மச்சான், நான் வாங்கினது காரா, ஜாதகமா?" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு ஜோசியர் என்று பெயர்.

வண்டி ஓடியது. ஒரு வருஷம், இரண்டு வருஷம், ஐந்து வருஷமும் ஓடியது. வரும்போதெல்லாம் சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். "ஜோசியரே, இன்னும் உசுரோடதான் இருக்கு. கண்டம் எப்போ?" என் மனைவியே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பேச்சு வெளியிலும் பரவியது. என்னிடம் பத்து வண்டி பார்த்து வாங்கிய பழைய வாடிக்கையாளர், "உங்க மாப்பிள்ளை வண்டி நல்லாத்தானே ஓடுது?" என்று கேட்டுவிட்டு, என்னைக் கூப்பிடாமலே போய் ஒரு முதல் வருஷத்து வண்டியை வாங்கினார். என் வாக்குக்கு இருந்த மரியாதை ஒரு முட்டாளின் அதிர்ஷ்டத்தால் கரைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

அந்த மதியம் மாப்பிள்ளை கையைக்கூடக் கழுவாமல் சொன்னார்: "நாளைக்கு மலைக்குப் போறோம் மச்சான். ஆயுசு எவ்வளவுன்னு ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்க."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் தங்கை. "அண்ணா, நிஜமாவே கொஞ்சம் பார்த்துடேன். இறக்கத்துல நான்தான் ஓட்டணும். இவருக்குத் தலை சுத்தும்."

பார்க்கிறேன் என்றேன். வெளியே போய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். குழாய் உரசித்தான் இருந்தது. அதை நீங்கள் அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும். உரசியிருந்தது, ஆனால் போதுமான அளவுக்கு இல்லை. மிச்சத்தை நான் கத்தியால் முடித்துக்கொடுத்தேன். தெருவில் பிடிக்கிற பிரேக் இறக்கத்தில் பிடிக்காத அளவுக்கு. அது தானாகச் செய்திருக்க வேண்டிய வேலை. ஐந்து வருஷம் சோம்பேறித்தனமாக இருந்துவிட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். "என்ன சொல்லுது ஜாதகம்?" என்றார்.

"அப்பவே சொன்னதுதான் மாப்பிள்ளை."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தங்கையின் மகள் பரீட்சை என்று வீட்டிலேயே தங்கிவிட்டாளாம். அவள் போகிறாளா, இல்லையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். தங்கைக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அப்பவே சொன்னியேண்ணா. நாங்கதான் சிரிச்சோம்" என்றாள். ஐந்து வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து நான் கேட்ட முதல் நியாயமான பேச்சு. நெஞ்சு நிறைந்துவிட்டது. அதோடு விட்டிருப்பேன்.

விட விடாதது உங்கள் அறிக்கை. குழாயில் கூரான பொருள் பட்ட தடமாம். சர்வீஸ் செய்த மெக்கானிக்கின் கவனக்குறைவாம். அவரை உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். விட்டுவிடச் சொல்லுங்கள், அவர் அந்தக் குழாயைத் தொடவே இல்லை. ஆனால் அவருக்காக நான் பேனாவை எடுக்கவில்லை. கடைசி வரிக்காக எடுத்தேன். "வண்டியின் தயாரிப்பில் குறை எதுவும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டு எத்தனை பேர் அந்த வருஷத்து வண்டியை வாங்குவார்கள் என்று யோசித்தீர்களா? அறுத்தது நான்தான். நான் அறுத்தேன் என்பதற்காக அது நல்ல வருஷம் ஆகிவிடாது. அறிக்கையைத் திருத்துங்கள்.

உறையை ஒட்டிவிட்டேன். விட்டுப்போன ஒன்றை உறையின் மேலேயே எழுதுகிறேன். நீங்கள் விசாரிக்க வந்த அன்று, நான் வண்டி பார்க்கிற ஷெட் வாசலில் உங்கள் வண்டியைப் பார்த்தேன். அதே மாடல், அதே முதல் வருஷம். மாமனார் கொடுத்தது, இதுவரை ஒரு தொல்லையும் இல்லை என்று பெருமையாகச் சொன்னீர்கள். ஒருநாள் கொண்டுவாருங்கள், கீழே படுத்துப் பார்த்துவிடுகிறேன். தபால்காரர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கொடுத்துவிடுகிறேன்.