யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம்

மழை பிடித்துக்கொண்டால் வட்டகொடைப் பக்கம் பொழுது போகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. அப்படித்தான் நானும் கந்தப்பன் வாத்தியாரும் சதுரங்கம் ஆடத் தொடங்கினோம். நான் தேயிலைத் தோட்ட ஆபீசில் கிளாக்கர். அவர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஏழு வருடமாக, ஞாயிறு பூசை முடிந்து நான் வந்ததும் என் வீட்டில் பலகையை விரிப்போம். பெரும்பாலும் அவர்தான் வெல்வார். அதில் எனக்கு வருத்தமில்லை.

இந்த வருடம், ஐம்பத்தொன்பது வைகாசியில், அவர் ஓர் இங்கிலீஷ் சஞ்சிகை கொண்டுவந்தார். அமெரிக்காவில் கணக்குப் போடும் இயந்திரம் ஒன்று சதுரங்கம் ஆடுகிறதாம். தன் வழிகளையும் எதிராளியின் பதில்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே காயை நகர்த்துமாம்.

"பெரிய ஆட்டக்காரங்ககிட்ட இது எடுபடாதுங்க, சிறில்" என்றார் வாத்தியார். "அவங்க நூறு வழிய எண்ணிக்கிட்டு இருக்க மாட்டாங்க. நல்ல வழி ஒண்ணு கண்ணுல படும், அவ்வளவுதான்."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனுக்கும் தலை வலிக்கும், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். வெட்டுப்படப்போகும் குதிரையைக் கவனிக்காமல் விட்டுவிடுவான். இயந்திரம் விடாது. கிட்டத்தில் வெட்டும் குத்துமாக நடக்கும் ஆட்டத்தில் ஒரு நாள் அதுதான் ஜெயிக்கும் என்றேன்.

"அப்ப நீங்களே மெசினா இருந்து ஆடிக் காட்டுங்களேன்" என்றார்.

ஆடினேன். என் வழிகளையெல்லாம் தாளில் எழுதினேன். அவர் பதில்களையும் எழுதினேன். ஓர் ஆட்டம் மூன்று ஞாயிறு இழுத்தது. மூன்றாம் ஞாயிறு, வாத்தியார் தன் ராணியை என் யானைக்கு நேரே கொண்டுவந்து வைத்தார். தாளைப் பார்த்தேன். எழுதியவரைக்கும் ஆபத்தில்லை. வெட்டினேன். அதற்குப் பிறகு நாலே நகர்த்தலில் என் ராஜாவுக்குப் போக இடமில்லை.

"என்னா மெசினுங்க இது, தின்னக் குடுத்தா தின்னுருது" என்றார்.

அவர் சிரித்தது பரவாயில்லை. தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி பவுலினும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கலியாணமாகிப் பதினோரு வருடத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. இதைத் தகவலுக்காகத்தான் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்து வழியில் ஆற்றின்மேல் ஒரு பலகைப் பாலம் உண்டு. அதை மேற்பார்வை செய்வதும் என் வேலைதான். போன வெள்ளிக்கிழமை காலை அங்கே போய் அக்கரையில் நின்றேன். நல்ல வெள்ளம். வாத்தியார் குடையோடு வந்தார்.

"பலகை எப்படிங்க இருக்கு, சிறில்?"

"வாங்க, வாங்க" என்றேன்.

நடுப்பலகை புரண்டது. அவர் கீழிருந்த உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். "சிறில், கை குடுங்க" என்றார்.

நான் யோசித்தேன். குனிந்தால் என் பக்கத்துப் பலகை தாங்குமா? தாங்கினால் அவர் பாரத்தை நான் தாங்குவேனா? கயிற்றுக்கு ஓடினால் எவ்வளவு நேரம் ஆகும்? எல்லா வழியையும் பார்க்க வேண்டும் அல்லவா? அவர் இரண்டாவது தடவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதன்பிறகு கூப்பிடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் யோசித்து முடித்தபோது உத்தரத்தில் யாரும் இல்லை.

ஆணிகள் துருப்பிடித்து விழுந்திருக்கும் என்று மரண விசாரணையில் சொன்னேன். அது சரியல்ல. வியாழன் சாயந்தரம்வரை அவை உறுதியாக இருந்தன என்று தச்சன் வீரய்யா சொல்வதுதான் உண்மை. நாலையும் பிடுங்கியது நான்தான். குறடு ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. பொறாமை என்று போட வேண்டாம். பவுலின் மூன்று நாளாகச் சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாள். ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்காக ஏன் இப்படி அழுகிறாய் என்று ஒரு வார்த்தை நான் அவளிடம் கேட்டிருப்பேனா?