அவள் பேச்சை நிறுத்தியபோது

எண்ணூரிலிருந்து ராயபுரம் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். அவர்களில் ஒருத்தியின் தெருவில் முந்தின நாள் ஆலையை எதிர்த்து நடந்த கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கூட்டத்துல பேச வந்த பொண்ணு நல்லா பேசிக்கினே இருந்துச்சுக்கா. திடீர்னு வாய மூடிக்கிச்சு."

"மறந்துட்ச்சா?"

"இல்ல. எங்களையே பாத்துகினு சும்மா நின்னுச்சு. அப்பதான் ஆலை உஸ்ஸுன்னு இரையறது கேட்டுச்சு. பொறந்ததுலேர்ந்து அங்கதான் கீறேன், ஒரு நாளும் கேட்டதில்ல. 'இப்போ கேக்குதா?'ன்னுச்சு. அவ்ளோதான், எல்லாரும் மனுவுல கையெழுத்து போட்டோம். அந்தச் சத்தம் இன்னும் காதுலயே கீது."

"உன் வூட்டுக்காரரு அங்கதானே வேல செய்யறாரு? இன்னா சொன்னாரு?"



"வாசல்ல நிக்க வெச்சுக் கேக்கச் சொன்னேன். 'எந்தச் சத்தம்?'ன்றாரு."