ஒன்றரை வோல்ட் கார்டு

கம்ப்யூட்டருக்குள் நினைவகமாகச் செருகும் ராம் குச்சியைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை ஐயா, விரலால் தடவினாலே போதும். அடியில் இரண்டு வெட்டு இருந்தால் பழைய காலத்தது, ஒரு வெட்டு இருந்தால் அதற்கு அடுத்தது. ஒன்றுக்கானது இன்னொன்றில் நுழையாது. மனிதன் மாற்றிச் செருகிக் கெடுத்துவிடக் கூடாதென்றே அப்படி வெட்டி வைத்திருக்கிறார்கள். ஐஸ் கம்பெனியில் பாளம் தூக்க வருவதற்கு முன்னால் ஒன்பது வருஷம் பழைய சாமான் கடையில் கம்ப்யூட்டர் பிரித்தவன் நான். எழுத்து தெரிவதற்கு முன்பே எனக்கு இது தெரியும்.

உங்கள் விசாரணை அறிக்கையை நேற்று நானே படித்தேன். பதினோரு பக்கம், அரை நாள் பிடித்தது. ஏழாம் பக்கத்தில், "எழுத்தறிவில்லாத இந்தச் சுமைகூலி, மெக்கானிக் எழுதிக் கொடுத்த எச்சரிக்கையை வாசிக்க இயலாமல் தவறான கார்டைப் பொருத்திவிட்டார், இவர்மீது குற்றமில்லை" என்று இருக்கிறது. நல்ல மனசோடுதான் எழுதியிருப்பீர்கள். ஆனால் அது தப்பு. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

செத்துப்போனவன் என் மனைவியின் தம்பி. கம்ப்ரஸர் பக்கத்துக் கண்ணாடி அறையில் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் வேலை அவனுக்கு. எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்ததும் அவன்தான், என் ஐம்பத்திரண்டாம் வயசில். டீ நேரத்தில் பழைய நோட்டின் பின்பக்கத்தில் அவன் எழுதுவான், அதன் மேலேயே நான் எழுதுவேன். "வாலை வெட்டாதீங்க மாமா, அது 'ழ', எலி இல்ல" என்பான். சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்லிக் கொடுத்தான்.

போன வருஷம் அந்த அறைக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. எனக்கு இடுப்பு போய்விட்டது ஐயா, பாளம் தூக்க முடியவில்லை. கேட்டேன். மேனேஜர் அவனைப் பார்த்து, "என்னப்பா, உங்க மாமா தாங்குவாரா?" என்றார். சுமை ஆட்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். அவன் சொன்னான்: "மாமாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் சார் வரும். 'அ... ழு... த்... த...'ன்னு அவர் படிச்சு முடிக்கறதுக்குள்ள நம்மள எல்லாம் ஐஸ் பெட்டியில வெச்சிருப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் இல்லை. அவன் சொன்னது அன்றைக்கு உண்மை.

அந்த அறையில் இருப்பது இருபது வருஷத்துப் பழைய கம்ப்யூட்டர். குழாய்களில் அம்மோனியாவின் அழுத்தத்தை அளக்கும் பலகை அந்த மாதிரிப் பெட்டியில்தான் பொருந்தும் என்பதால் அதைத் தூக்கிப் போடவில்லை. புதிய எச்சரிக்கை புரோகிராம் ஓட ராம் கூடுதலாக வேண்டும், கிராபிக்ஸ் கார்டும் மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். புதுக் கடைகளில் அதெல்லாம் கிடைக்காது. பழைய சாமான் கடை எனக்குத் தெரியும் என்பதால் சீட்டு என் கைக்கு வந்தது. அதில் எழுதியிருந்ததை இப்போதும் பார்க்காமல் சொல்வேன்: "ராம், இரண்டு வெட்டு. கார்டு, 1.5 வோல்ட் மட்டும். 3.3 போடக் கூடாது. போட்டால் போர்டு சூடேறி ஹேங் ஆகும், எரிந்தும் போகலாம்."

கடையில் இரண்டு விதக் கார்டும் இருந்தன. சீட்டை இரண்டு தடவை படித்தேன். ராமைச் சரியாக எடுத்தேன். கார்டில் 3.3ஐ எடுத்தேன்.

அது நுழையவில்லை. போர்டின் வாயில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கிறது, வேண்டாம் என்று சொல்வதற்காகவே. ரம்பத் துண்டால் அதை அறுத்தேன். கடுகளவு தூள்தான் விழுந்தது. ஊதிவிட்டேன். திரை பளிச்சென்று வந்தது. "கலர் பிரமாதம் மாமா, உங்க கைராசி" என்றான்.

மறுநாள் அவன் சாப்பிடப் போயிருந்தபோது திரை ஹேங் ஆயிற்று. அணையவில்லை. கடைசியாகக் காட்டிய படத்தையே காட்டிக்கொண்டு நின்றது. மூலையில் இருக்கும் கடிகாரம் மட்டும் ஓடவில்லை. ஒயரைப் பிடுங்கிச் செருகிச் சரிசெய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அது எப்படிப் போகும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பன்னிரண்டு நாள் கழித்து, மத்தியானம், டீ கொண்டுபோனேன். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐம்பத்தைந்து. திரையில் இரண்டு இருபது. வெளியே கம்ப்ரஸர் சத்தம் கனத்திருந்தது; பதினோரு வருஷம் கேட்ட காது ஐயா. கண்ணாடிக்குள் அது கேட்காது. அபாய மணியின் ஒயரை, சும்மா சும்மா அடிக்கிறதென்று இரண்டு வருஷத்துக்கு முன்பே மேனேஜர் வெட்டிவிட்டார். அது அவர் பாடு.

"என்ன மாமா அப்படிப் பாக்கறீங்க? படிக்கிறீங்களா? எங்க, சொல்லுங்க பாப்போம்" என்றான்.

பச்சை எழுத்தில் இருந்ததை வாசித்தேன். "அழுத்தம் சீராக உள்ளது."

"அடேயப்பா! ஒரே மூச்சுல!" என்று கையைத் தட்டினான்.

டீயை வைத்தேன். கதவை நன்றாகச் சாத்தினேன். ஏசி அறை, திறந்திருந்தால் திட்டுவார்கள். அந்தப் பக்கம் ஐஸ் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஏழு பேரையும் லாரி வந்திருக்கிறது என்று வெளியே கூப்பிட்டேன். லாரி வரவில்லை. கால் மணி நேரத்தில் கண்ணாடி அறையை ஒட்டிய குழாய் வெடித்தது. அந்த ஏழு பேரில் ஒருவருக்கும் கண் எரிச்சல்கூட இல்லை. அதை உங்கள் அறிக்கையில் எங்கேயும் எழுதவில்லை.

நேற்றுச் சாயங்காலம் என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நல்லவேளை, உங்களுக்கு ஒழுங்காப் படிக்க வராது. இல்லன்னா தம்பியோட உங்களையும் பறிகொடுத்திருப்பேன். எவன் கேட்டாலும் தெரியாதுன்னே சொல்லுங்க." தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன்.

பயந்து வந்தேன் என்று எழுதாதீர்கள். மனசாட்சி உறுத்தியது என்றும் வேண்டாம். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவன் வேகமாகப் படிப்பவன். முப்பத்தைந்து நிமிஷம் பழைய எண்ணையே வேகமாகப் படித்துக்கொண்டிருந்தான். அந்த அறையில் அன்றைக்குச் சரியாகப் படித்தது நான் ஒருவன்தான். ஏழாம் பக்கத்தில் அதை எழுதுங்கள்.

அந்த மை டப்பாவை உள்ளே வையுங்கள் ஐயா, நான் கைநாட்டு இல்லை. பேனா கொடுங்கள். என் கையெழுத்து அச்சு அசலாக அவன் எழுத்துப் போலவே இருக்கும். அதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.