பதினெட்டு நாள் பாக்கி

பேல் ஏல் பீரைப் பாட்டிலில் அடைத்து நான்கு வாரத்துக்கு முன்னால் திறந்தால் வீண், சார். முதல் வாரம் ஈஸ்ட் வாடை அடிக்கும். இரண்டாம் வாரம் நுரை நிற்காது. நான்காம் வாரம்தான் கசப்பும் இனிப்பும் சமாதானமாகும். கேம்ப் மேனேஜரிடம் சொல்லும் விஷயமில்லைதான். ஆனால் நீங்கள் தபால் ரிஜிஸ்டரில் உள்ள கையெழுத்தைப் பற்றிக் கேட்பதால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எனக்கு ஜெனரேட்டரில் நைட் டியூட்டி. பகலில் ரூமில் இருப்பவன் நான் ஒருவன்தான். ஊர் திரும்பிய ஸ்காட்லாந்து ஃபோர்மன் ஒரு டின் மால்ட் என்ற பார்லிப் பாகும், ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவும், மூடி அடிக்கும் கருவியும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த ருவைஸ் பாலைவனத்துத் தகர ரூமில் சும்மா வைத்தால் சூட்டில் ஏல் புளித்துக் கெட்டுவிடும். ஏசிக்கு அடியில் பக்கெட்டை வைத்து, பக்கத்தில் போர்வை போர்த்திப் படுத்தேன்.

என் ரூம்மேட் உமாபதி கேலி செய்வான். "தொட்டில் ஒண்ணுதான் கட்டல, சோலை. அப்படியே தாலாட்டும் பாடிடு."

எல்லாம் அவனுக்காகத்தான். ஏப்ரல் நடுவில் அவன் மனைவி ஷியாமளாவுக்கு முதல் பிரசவம். ஏப்ரல் முதல் தேதி அவனுக்கு விமானம். மார்ச் முப்பது, வெள்ளிக்கிழமை, வழியனுப்பு விருந்து. நாள் எண்ணி, பிப்ரவரி பதினாறில் காய்ச்சி மார்ச் இரண்டில் அடைத்தேன். இருபத்துநான்கு பாட்டில். நான் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டவன். டைப்ரைட்டிங்கை லோயரோடு விட்டவன். இதை ஒன்றையாவது முடித்துக் காட்ட நினைத்தேன்.

பன்னிரண்டாம் தேதி பகலில் உமாபதிக்குத் தந்தி வந்தது. நான் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தேன். 'ஷியாமளா சீரியஸ். உடனே புறப்படு.'

இந்தக் கேம்பில் தந்தி எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். லீவு வேண்டுமென்றால் ஊருக்குக் கடிதம் எழுதி யாரையாவது சீரியஸ் ஆக்கிவிடுவோம். என் அம்மா இரண்டு முறை சீரியஸ். பக்கத்து ரூம் பத்மநாபனின் தாத்தா மூன்று முறை செத்தார். மூன்றாவது தடவை நீங்களே சிரித்துக்கொண்டுதான் பாஸ்போர்ட்டைக் கொடுத்தீர்கள். உமாபதியும் அப்படி ஏற்பாடு செய்திருப்பான் என்று எடுத்துக்கொண்டேன். அவனிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் அன்றைக்கே கிளம்பிவிடுவான். பாட்டிலுக்கோ பதினெட்டு நாள் பாக்கி. தந்தியை ஏல் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

பொய்த் தந்தி ஒரு தடவைதான் வரும். இன்னொன்றுக்கு ஊரில் யாரும் காசு செலவழிக்க மாட்டார்கள். இருபத்தைந்தாம் தேதி இரண்டாவது வந்தது. அதையும் நான்தான் வாங்கினேன். முதலாவதைவிடக் கொஞ்சம் நீளம். படித்ததும், இனி அவசரப்பட்டு ஆவது ஒன்றுமில்லை என்று புரிந்தது. மீதி ஐந்து நாள். அவனுக்கு அது ஐந்து நாள் கூடுதல் சந்தோஷம். அப்படிப் பார்த்தால் நான் அவனுக்கு நல்லதுதான் செய்தேன்.

விருந்து பிரமாதம், சார். கேண்டீன் மீராசா அண்ணன் சீலா மீன் வறுத்துக் கொண்டுவந்தார். அவர் குடிப்பவரில்லை. "நமக்கு ஆகாது தம்பி. ஆனா இந்த நுரையப் பாத்தா நிக்கா வீட்டு சர்பத்து தோத்துரும்" என்றார். பத்மநாபன் கேம்பே கேட்கும்படி பாடினான். உமாபதி முதல் வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு கிளாஸைத் தூக்கினான். "இது என் ஷியாமளாவுக்கு. பொண்ணு பொறந்தா தாமரைன்னு பேரு. சோலைதான்டா மாமன்."

பெண்தான் என்பது அந்த ரூமில் எனக்கு மட்டும் தெரியும். 'பெண் குழந்தை நலம்' என்று இரண்டாவது தந்தியில் இருந்தது. அதற்கு முந்தைய வரி: 'ஷியாமளா காலமானாள்.'

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நுரை கடைசி வாய் வரை நின்றது.

முதல் தந்திக்கே போயிருந்தால் அவளை உயிரோடு பார்த்திருப்பான் என்கிறீர்கள். பார்த்திருப்பான். மறுக்கவில்லை. மறுநாள் காலையில் இரண்டையும் அவன் கையில் கொடுத்தேன். "நேத்து நான் கிளாஸைத் தூக்கினப்போ உனக்குத் தெரியுமாடா?" என்று மட்டும் கேட்டான். தெரியும் என்றேன். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இருபத்துநான்கில் ஒரு பாட்டில் மிச்சம். அவன் பேரை எழுதி ஏசிக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன். ஆறு மாதம் போனால் இன்னும் நன்றாக வரும். லீவு முடிந்து வந்ததும் முதலில் என்னைத்தான் தேடி வருவான், சார்.