ஆறு கம்பளியும் ஒரு பச்சைச் சீட்டும்

— கம்பளி! இதுவும் கம்பளி! இதோ பாருங்க, அடியில இன்னொண்ணு! எட்டு நாள் சாப்பாடு இருக்க வேண்டிய பெட்டியில ஆறு கம்பளி. இத வேகவச்சா என் பொண்ணுக்கு ஊட்டுறது?

— கம்பளிய வேகவைக்க என்னாலயும் முடியாது தங்கச்சி. வேற எது வேணும்னாலும் சொல்லுங்க.

— முதல்ல நீங்க யாரு? கதவத் தட்டினதும் என் பெட்டிதான் கிடைச்சிடுச்சோன்னு ஓடி வந்து தொறந்தேன்.

— இந்தக் கப்பலோட தலைமைச் சமையல்காரன். எல்லாரும் மாஸ்டர்னு கூப்பிடுவாங்க. உங்க வீட்டுக்காரர் கீழ வரவேற்புல நின்னுக்கிட்டு கப்பலத் திருப்புங்கன்னு சொல்லிட்டு இருக்காரு. அவங்க அரண்டுபோய் என்ன அனுப்பி வச்சாங்க.

— திருப்புறாங்களா?

— ரெண்டாயிரம் பேரு ஏறியிருக்காங்க. கப்பல் என்ன சைக்கிளா தங்கச்சி, சாவிய மறந்துட்டேன்னு சட்டுனு திருப்ப?

— ஹ்ஹ்ஹி! கப்பல் சைக்கிளாம்!

— சிட்டு, சிரிக்காத. கட்டில்ல உக்காரு. எதையும் தொடாத.

— தொடலம்மா. பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.

— இதுதான் அந்தக் குட்டியம்மாவா? உனக்கு என்னென்ன ஆகாது கண்ணு?

— பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, எள்ளு. எனக்குத் தெரியுமே! சாப்பிட்டா உதடு வீங்கும், அப்புறம் மூச்சு வராது, அப்புறம் தொடையில ஊசி, அப்புறம் ஆஸ்பத்திரி.

— அடேங்கப்பா, மூச்சு விடாம ஒப்பிக்குதே!

— மூணு வயசுலயே மனப்பாடம். இப்போ ஆறு. வீட்டுக்கு ஆள் வந்தா மத்த பிள்ளைங்க பாட்டுப் பாடிக் காட்டும், இவ இதச் சொல்லிக் காட்டுவா.

— ஊசி கையில இருக்குல்ல? அதுவும் பெட்டியோட போயிடலையே?

— என் இடுப்புப் பையில ரெண்டு, அவர் சட்டைப் பையில ரெண்டு. அத எந்தப் பெட்டியையும் நம்பி நான் விட மாட்டேன்.

— அப்ப பாதி பாரம் இறங்கிடுச்சு. சாப்பாட்டுப் பெட்டி எப்படிக் கம்பளிப் பெட்டி ஆச்சு?

— ரெண்டும் ஒரே கடையில வாங்கின நீலப் பெட்டி மாஸ்டர். அதுக்குத்தானே சீட்டு ஒட்டினேன்! எங்க வீட்டுல எல்லாத்துக்கும் சீட்டு உண்டு. பச்சைன்னா சிட்டு தொடலாம், சிவப்புன்னா தொடக் கூடாது. டப்பா, கரண்டி, ஃப்ரிட்ஜ்ல ஒவ்வொரு தட்டு, எல்லாத்துக்கும். இவளுக்கு எழுத்து தெரியாதப்ப ஆரம்பிச்சது. சாப்பாட்டுப் பெட்டிக்கும் பச்சை ஒட்டினேன். பச்சை இருக்குற பெட்டியத் தூக்கிட்டு வாங்கன்னு அந்த மனுஷன்கிட்ட ஒரே ஒரு வேலைதான் சொன்னேன்.

— இந்தப் பெட்டியிலயும் பச்சைதானே ஒட்டியிருக்கு?

— அதான் எனக்கு மண்டை காயுது! பச்சை பாத்துதான் எடுத்தேன்னு அவரு தலையில அடிச்சுச் சத்தியம் பண்றாரு. அப்போ நான்தான் மாத்தி ஒட்டிட்டேனா? இத்தனை வருஷத்துல ஒரு சீட்டு மாத்தி ஒட்டினதில்ல.

— அப்பாவத் திட்டாதம்மா.

— நீ சும்மா இரு.

— விடுங்க தங்கச்சி. யானைக்கும் அடி சறுக்கும்.

— யானை சறுக்கினா யானைக்குத்தான் அடி. நான் சறுக்கினா இவளுக்கு மூச்சு நின்னுடும்.

— அதுவும் வாஸ்தவம்தான். சரி, ராத்திரிச் சாப்பாட்ட நானே என் கையால சமைக்கிறேன்.

— வேண்டாம் மாஸ்டர். கோவிச்சுக்காதீங்க. வெளிய யாரு சமைச்சதையும் இவ சாப்பிட்டதில்ல. போன வருஷம் ஒரு பிறந்தநாள். அங்கயும் டப்பாவுல கட்டித்தான் கொண்டு போனேன். கேக் தின்ன கையோட ஒருத்தி ஆசையா இவ கன்னத்தத் தடவினா. அவ்வளவுதான். முகம் பந்தாட்டம் வீங்கிப்போச்சு. அன்னைக்கு நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வரக் கூடாது. வாழைப்பழம், ஆப்பிள்னு உரிச்சுக் குடுத்தே எட்டு நாளையும் ஓட்டிடுறேன்.

— மாமா, உங்க சாப்பாட்டுல ஆவி வருமா?

— ஆவியா?

— தட்டுல இருந்து புகை மாதிரி மேல போகுமே! அம்மா டப்பாவுல கொண்டு வர்றது ஆறிப்போயிருக்கும். கல்யாண வீட்டுல எல்லார் சாப்பாட்டுலயும் ஆவி வரும். எனக்கு மட்டும் வராது.

— வரும் கண்ணு. கண்ணாடி போட்டிருந்தா கண்ணாடியே மறைச்சிடும். அய்யோ தங்கச்சி, நீங்க எதுக்கு அழுறீங்க?

— அழல. கம்பளித் தூசி.

— அப்போ தூசியத் தொடச்சிட்டுக் கேள்வி கேளுங்க. எத்தனை வேணும்னாலும் கேளுங்க.

— எண்ணெய்?

— புது டின். உங்க கண்ணு முன்னாடிதான் உடைப்பேன்.

— சட்டி, கரண்டி?

— ஆகாத பண்டம் உள்ளவங்களுக்குன்னே தனிச் சமையல் அறை இருக்கு. அங்க கத்தி, பலகை, கரண்டி எல்லாம் ஊதா நிறம். ஒரு ஊதாக் கரண்டி தப்பித் தவறி வெளிய போச்சுன்னா நேரா குப்பையில போடுவேன்.

— கழுவி எடுத்துக்க மாட்டீங்களா?

— கழுவினா எனக்குப் போதும். குப்பையில போட்டாத்தான் அம்மாக்களுக்குத் தூக்கம் வரும்.

— நீங்களும் என்ன மாதிரி ஆளுதான் போலிருக்கு. ரொட்டி?

— தர மாட்டேன். எங்க ரொட்டி எல்லாம் எள்ளு தூவுற அடுப்புல வேகுது. எத்தனை தடவ கேட்டாலும் தர மாட்டேன்.

— கடைசியா ஒண்ணு. இதுவரைக்கும் உங்க அடுப்புல தப்பே நடந்ததில்லையா?

— நடந்திருக்கு.

— என்னது?

— பதினோரு வருஷம் ஆச்சு. வேற கப்பல். பால் ஆகாத ஒரு பிள்ளைக்கு சூப்பு. சூப்புல பால் இல்ல. ஆனா பால் சட்டியில கிடந்த கரண்டியால யாரோ கிளறிட்டாங்க. பிள்ளை பிழைச்சிடுச்சு. அவங்க அம்மா ஒரு வார்த்தை திட்டல, என்ன நிமிர்ந்து பாத்தாங்க. அந்தப் பார்வை கப்பல் கப்பலா என் கூடவே வருது தங்கச்சி. அன்னையில இருந்து ஊதா அறையில என்னத் தவிர யாரும் கரண்டி பிடிக்கிறதில்ல.

— இத எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?

— சொல்லியிருக்கக் கூடாதோ?

— நடந்ததே இல்லன்னு சொல்லியிருந்தீங்கன்னா கதவச் சாத்தியிருப்பேன். எந்தப் பக்கம் அந்த அறை? நானும் வருவேன். பக்கத்துல நின்னு பாப்பேன்.

— தாராளமா வாங்க. தலைக்குத் தொப்பி போடணும், கைய நல்லா தேய்ச்சுக் கழுவணும்.

— நான் கை கழுவுறதப் பாத்தா நீங்க பயந்துடுவீங்க மாஸ்டர்.

*

— ஆவி! அம்மா, ஆவி வருது! மூக்குல படுது!

— ஊதிச் சாப்பிடு குட்டியம்மா, நாக்கு வெந்துடும்.

— இரு சிட்டு. முதல்ல ஒரு வாய் நான் சாப்பிட்டுப் பாக்குறேன்.

— தங்கச்சி, கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குத்தான் எல்லாமே ஆகுமே. நீங்க தின்னு பாத்து என்ன தெரியப் போகுது?

— ஒண்ணும் தெரியாது. ஒண்ணும் தெரியாமத்தான் ஆறு வருஷமா தின்னு பாக்குறேன். கை கேக்க மாட்டேங்குது. ம்... உப்பு கொஞ்சம் கம்மி. கேரட் இன்னும் ஒரு கொதி வெந்திருக்கலாம்.

— அப்பாடா! குத்தம் சொல்ல ஆரம்பிச்சிட்டீங்க. இனி பயமில்ல.

— பயம் போகல மாஸ்டர். ஊசி ரெண்டும் மடியில தயாரா இருக்கு. மேசைக்கு அடியில பாருங்க. நீ சாப்பிடுடா தங்கம். மெல்லமா.

— சூடா இருக்கும்மா! வாய்க்குள்ளயும் ஆவி வருது!

*

— அரை மணி நேரம் ஆச்சு. உதட்டக் காட்டு. நாக்க நீட்டு. கழுத்து அரிக்குதா? மூச்ச இழுத்து விடு.

— நல்லாத்தான் இருக்கேன். இன்னும் கொஞ்சம் சோறு வேணும்.

— இன்னுமா? வீட்டுல ரெண்டாவது தடவ கேட்டதே இல்ல மாஸ்டர் இவ!

— நான் ஒண்ணும் சொல்லல தங்கச்சி. வாயத் தொறந்தா எனக்குத்தான் வம்பு.

— சிரிக்காதீங்க. தூங்கப் போற வரைக்கும் இவ மேல இருந்து கண்ண எடுக்க மாட்டேன், அது வேற விஷயம். ஆனா ஒண்ணு சொல்றேன். இவ சாப்பிடுறத இன்னைக்குத்தான் நான் உக்காந்து பாத்தேன். இவ்வளவு நாளும் சாப்பாட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

— அது போதும் எனக்கு. அதோ அந்த மூலையில, சாப்பிடாம இங்கயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரே, உங்க வீட்டுக்காரர்தானே?

— ஆமா, பாவம். பக்கத்துல வந்தா திட்டு விழும்னு தள்ளி உக்காந்திருக்காரு. கூப்பிட்டு மன்னிப்புக் கேக்கணும். நான்தான் மாத்தி ஒட்டியிருக்கேன், வேற யாரு? கிளம்புற அவசரத்துல கண்ணு அவிஞ்சு போச்சு எனக்கு.

— மாமா, கொஞ்சம் குனிங்க.

— எதுக்குக் குட்டியம்மா?

— உங்க சட்டையில பச்சை ஒட்டணும். நீங்க பச்சை மாமா.

— பாத்தீங்களா தங்கச்சி! இருபத்தஞ்சு வருஷமா கரண்டி பிடிக்கிறேன், இப்படி ஒரு மெடல் எனக்கு யாரும் குத்தினதில்ல.

— சிட்டு, அந்தச் சீட்டு உனக்கு ஏது?

— கம்பளிப் பெட்டியில இருந்து உரிச்சேன். கம்பளிக்கு எதுக்கும்மா பச்சை?

— அதுவும் நியாயம்தான். ஆனா ஒரு தடவ உரிச்ச சீட்டு மறுபடி ஒட்டாதுடா தங்கம்.

— ஒட்டும்மா, எனக்குத் தெரியுமே! வீட்டுல சாப்பாட்டுப் பெட்டியில இருந்து உரிச்சு கம்பளிப் பெட்டியில ஒட்டினேனே, அப்பவே நல்லா ஒட்டுச்சு.