வரியின் அகலம்

– சிரிக்காதீங்க கென். மாஸ்ல மொத்த சர்ச்சும் "பாதை"ன்னு பாடிட்டு, திரையில வரி அங்கேயே முடியவும் அப்படியே நின்னுச்சு. டாரில் கீபோர்டுல எங்களை விட்டுட்டு முன்னால போயிட்டான். அப்புறம் "போட்டவரே, போட்டவரே"ன்னு நாங்க அவன் பின்னால ஓடறோம்.

– சிரிக்கல டொரத்தி. ரோட்டைப் பாத்து ஓட்டிட்டு இருக்கேன்.

– வெளிய வந்ததும் செபஸ்தியன் அங்கிள் என்னைத்தான் பிடிச்சாரு. "உன் வீட்டுக்காரன் சிங்கப்பூர் கம்பெனிக்கு எழுத்தை அடுக்கற வேலைதானே செய்யறான்? நம்ம சர்ச் திரையில ஒரு வரியை ஒழுங்கா அடுக்க முடியலியா?"ன்னு. பாட்டு லீட் பண்றவ நான். எனக்கு மானமே போச்சு.

– வரியை நான் வெட்டறதில்லன்னு அவருக்கு எத்தனை தடவை சொல்றது. அதாவது, எங்க கம்பெனியில ஒரு லைப்ரரி இருக்கு, எழுத்தை வரிவரியா அடுக்கற ப்ரோகிராம். பாட்டை முழுசா அதுகிட்ட குடுத்து, இந்த அகலத்துக்குள்ள அடக்குன்னு சொல்வேன். அது ஒவ்வொரு சொல்லா அளந்து வைக்கும். இடம் தீந்ததும் அடுத்த வரிக்குப் போயிடும். எந்த வரி எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, எவ்வளவு நீளம்னு எனக்குத் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான்.

– அங்கிள்கிட்ட லைப்ரரின்னு வாயெடுக்காதீங்க. வெள்ளத்துல போன பாட்டுப் புஸ்தகத்தையெல்லாம் திருப்பி வாங்கித் தான்னு ஆரம்பிச்சிடுவாரு.

– புஸ்தகம் இருந்தப்ப யாரும் வரி முடியற இடத்துல நிக்கல. கண்ணு தானா அடுத்த வரிக்குப் போயிடும். திரை வந்தப்புறம்தான் எல்லாரும் வரி முடிஞ்சா மூச்சு விடறாங்க.

– அது தெரிஞ்சும் ஏன் இவ்வளவு குறுக்கினீங்க?

– வயசானவங்களுக்குக் கண்ணு தெரிய மாட்டேங்குது இல்ல...

– எழுத்து பெருசாகலையே. அதே சைஸ்தான். ரெண்டு பக்கமும் திரை சும்மா கிடக்கு. நடுவுல மட்டும் பாட்டு வாழைத்தார் மாதிரி தொங்குது.

– ப்ரொஜெக்டர் ஓரத்துல மங்கலாத் தெரியுது.

– குடும்ப நாள் சாப்பாட்டுக்குப் பேர் குடுங்கன்னு அறிவிப்பு போட்டீங்களே, அது மட்டும் ஓரம் வரைக்கும் பளிச்சுன்னு வந்துச்சு?

– அது வேற செட்டிங்.

– அலமாக்! பொய் சொல்லத் தெரியாதவங்க ஏன் சொல்றீங்க? ஈஸ்டருக்கு இதே பல்லவி ரெண்டு வரியில முடிஞ்சுது. இன்னைக்கு அஞ்சு. யாருக்கும் தெரியாம வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிருக்கீங்க.

– ஜன்னலை இறக்கட்டா? உனக்கு மூச்சு வாங்குது.

– பேச்சை மாத்தாதீங்க.

– மாத்தல.

– லாரி, கென், லாரி! செம்பனைக் குலை நம்ம கார் மேல விழுந்து வெக்கப்போவுது.

– பாத்துட்டேன். கொஞ்சம் பின்னாலயே போறேன்.

– சரி. இப்ப சொல்லுங்க.

– நான் பின்னால கம்ப்யூட்டர்கிட்ட உக்காந்திருக்கறப்ப ஹெட்போன் மாட்டியிருப்பேன் இல்ல? அதுல உன் மைக் மட்டும் தனியாக் கேக்கும்.

– தெரியும்.

– ஈஸ்டருக்கு அப்புறம் நீ வரி நடுவுல மூச்சு எடுக்க ஆரம்பிச்சே. முதல்ல எப்பவாவது. ஒரு தடவை பக்கத்துல நின்னு பாடற மெலிசா உன்னைத் திரும்பிப் பாத்தா. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அகலத்தைக் கொஞ்சம் குறைச்சேன். நீ மூச்சு விடற இடத்துல வரியும் முடியற மாதிரி. நீ நிக்கறப்ப எல்லாரும் நிப்பாங்க. நீ மட்டும் நிக்கறது யாருக்கும் கேக்காது.

– அப்புறம்?

– அப்புறம் அதுவும் உனக்குப் பத்தல.

– அதனால இன்னும் குறைச்சீங்க.

– ஆமா.

– என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

– கேட்டா பாடறதையே விட்டுடுவியோன்னு... மாடிக்குத் துணி எடுத்துட்டுப் போனா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பே. நான் வந்து பாத்தா, வெயில் நல்லா அடிக்குதுங்கறே. உனக்கே சொல்லப் பிடிக்காததை நான் எப்படிக் கேக்கறது?

– நீங்க எப்பவும் இப்படித்தான் கென். நாற்காலி ஆடுனா காலுக்கு அடியில அட்டையை மடிச்சு வைப்பீங்க. அதுல உக்காந்திருக்கறவகிட்ட என்னம்மா ஆடுதான்னு கேக்க மாட்டீங்க.

– சரி, தப்புத்தான். வீட்டுக்குப் போனதும் பழைய அகலத்தைப் போட்டுடறேன். அங்கிள்கிட்டயும் நானே பேசறேன்.

– போடுங்க. நான் கேக்கறது அது இல்ல.

– வேற என்ன?

– ஹெட்போன்ல என்ன கேட்டுச்சோ, அதை என்கிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க.

– டொரத்தி...

– சொல்லுங்க லா.

– உனக்கு உடம்பு சரியில்ல. நெஞ்சுல ஏதோ இருக்கு. எனக்குப் பயமா இருக்கு.

– ம்.

– நாளைக்கே லீவு போடறேன். ஜேபி ஆஸ்பத்திரிக்குப் போயி எக்ஸ்ரே எடுத்துடலாம். வேணாம்னு மட்டும் சொல்லாத.

– நாளைக்கு வேணாம்.

– டொரத்தி!

– கத்தாதீங்க. எக்ஸ்ரே போன மாசமே எடுத்துட்டேன். வாரா வாரம் நீங்க வரியைக் குறைக்கறதைப் பாத்துத்தான் எனக்கே பயம் வந்து, தனியா பஸ் ஏறிப் போனேன். செவ்வாக்கிழமை ஸ்பெஷலிஸ்டைப் பாக்கணும். கூட யாரு வருவாங்கன்னு கேட்டாங்க. உங்க பேரைக் குடுத்துட்டு, நீங்க எப்ப வாயைத் திறப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்.